ஏழாம் நம்பர் பஸ்ஸின் பிரகடனம்

பாடத்தை எப்படி நேரத்துக்குள் முடிப்பது என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் ஒரு வருடமும் முடித்ததில்லை. குவைத்தில், அப்பாசியாவில், ஓர் இந்தியப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று இப்போது மதுரையில் இருக்கிறேன். வளைகுடாப் பள்ளிகளுக்கு வேலைக்குக் கிளம்பும் உங்களைப் போன்றவர்கள் அவ்வப்போது வந்து டிப்ஸ் கேட்கிறார்கள். அட்டெண்டன்ஸ் எடுப்பது, பேப்பர் திருத்துவது எல்லாம் அங்கே போன ஒரே மாதத்தில் கை தானாகக் கற்றுக்கொள்ளும். அதற்கு நான் வேண்டாம். ஒரு பாடத்தையும் ஒரு பஸ்ஸையும் பற்றி மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

காலனி நாடுகள் விடுதலையை அறிவித்த கதை ஏதாவது ஒரு வேஷத்தில் எல்லா வகுப்புப் பாடத்திலும் வரும். பிள்ளைகள் அதை எழுதும் அழகே தனி. "மக்கள் சுதந்திர தாகம் கொண்டனர், எனவே விடுதலையை அறிவித்தனர்." ஏதோ வெயிலில் நடந்து வந்தவன் மோர் கேட்ட மாதிரி. தாகம் என்ற சொல்லை எழுதினால் ஒரு மார்க் குறைப்பேன் என்று வருட ஆரம்பத்திலேயே அறிவித்துவிடுவேன். அதில் எனக்கு ஈவு இரக்கம் கிடையாது.

அதற்குப் பதிலாக வகுப்பைச் சபையாக மாற்றுவேன். ஆளுக்கொரு காலனி. ஒன்று கப்பல் வியாபாரம் செய்யும் காலனி, ஒன்று புகையிலை விளைவித்து லண்டன் வியாபாரியிடம் கழுத்துவரை கடன்பட்ட காலனி, ஒன்று ராஜாவின் கடற்படை இல்லாவிட்டால் தன் அடிமைகளே தன்னை விழுங்கிவிடுவார்கள் என்று நடுங்கும் கரும்புத் தீவு. விடுதலை வேண்டும் என்று கை தூக்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் எழுந்து, கை தூக்கினால் தனக்கு என்ன போகும் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கை தூக்கக் கூடாது. இதுதான் சபையின் ஒரே விதி. கரும்புத் தீவுக்காரன் பெரும்பாலும் கையைத் தூக்கமாட்டான். உண்மையிலும் அந்தத் தீவுகள் தூக்கவில்லை. அறிவிக்காத காலனிகளுக்கென்று ஒரு பாடம் யாரும் வைப்பதில்லை. நான் வைத்தேன்.

அமெரிக்கக் காலனிகள் துப்பாக்கிச் சண்டை தொடங்கிய பிறகும் ராஜாவுக்குப் பணிவாக விண்ணப்பம் அனுப்பினார்கள். ராஜா அதை வாங்கிப் பார்க்கவே மறுத்துவிட்டார். சண்டை தொடங்கி ஒரு வருடத்துக்கும் மேல் ஆன பிறகுதான் பிரகடனம். நம் ஊரில் பூரண சுயராஜ்யம் என்று தீர்மானம் போட்டு, ஜனவரியில் ஒரு நாளைக் குறித்து ஊர் ஊராக உறுதிமொழி படித்தார்கள். சர்க்கார் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு உப்பு வந்தது, நாடே திரும்பிப் பார்த்தது. குவைத்தின் கதை இன்னும் வேறு. பிரிட்டிஷாரும் ஷேக்கும் கடிதம் மாற்றிக்கொண்டதில் விடுதலை வந்தது. ஒரு வாரம் போவதற்குள் பக்கத்து நாடு, இது என் நிலம் என்றது. உடனே விடுதலை கொடுத்த அதே பிரிட்டிஷாரின் படையை உதவிக்கு வரச் சொல்ல வேண்டியதாயிற்று. இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். அப்புறம் பஸ் ஏறி வீட்டுக்குப் போவார்கள்.

ஏழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டியவர் முனியசாமி. ராமநாதபுரத்துக்காரர். பள்ளிக்குச் சொந்தமாகப் பஸ் கிடையாது, ஒரு கம்பெனியிடம் கான்ட்ராக்ட். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்தே அந்தப் பஸ்ஸில் ஏசி வேலை செய்யவில்லை. குவைத்தில் செப்டம்பர் மதியம் எப்படி இருக்கும் என்று போனால் தெரிந்துகொள்வீர்கள். ஜன்னலைத் திறந்தால் அடுப்புவாய்க் காற்று. முனியசாமி தினமும் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்வார். பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் தினமும் அதைக் கேட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வளைகுடாவில் நம் ஆட்கள் புகாரை எழுத்தில் கொடுக்கமாட்டார்கள். வாயால் சொல்வார்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள், நூறு தடவை வேண்டுமானாலும் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தால் பிரச்சினை பண்ணுகிற ஆள் என்று பெயர் வரும். பெயர் வந்தால் விசா புதுப்பிக்கும்போது நினைவு வைத்துக்கொண்டு வெட்டுவார்கள். டிரைவரிலிருந்து டாக்டர் வரை இதுதான் பழக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் முனியசாமி சொன்னதற்குக் காற்றுதான் சாட்சி.

ஒரு மதியம் வழியில் ஏதோ விபத்து, டிராஃபிக் நகரவில்லை. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த எல்கேஜி குழந்தை ஒன்று எழுந்திருக்கவில்லை. முனியசாமி பஸ்ஸை நடைபாதை மேல் ஏற்றி, எல்லோர் திட்டையும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். குழந்தை பிழைத்தது. ஆனால் பேச்சு பழையபடி வரவில்லை. அம்மா என்று சொல்லவே மாதக்கணக்கில் ஆயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பெற்றோரைப் பார்க்கும் தைரியம் எங்கள் யாருக்கும் இல்லை.

அன்று மாலையே முனியசாமியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஏசி கெட்டுப்போனதாக டிரைவர் எங்களிடம் சொல்லவே இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. கம்பெனியின் பேச்சு எடுபட்டுவிட்டால் அவருக்குச் சிறைதான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மறுநாள் நான் பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தபோது நிதின் என்ற பையன் மேடை மேலேயே நின்றுகொண்டிருந்தான். அவனும் ஏழாம் நம்பர் பஸ்தான். கையில் போன்.

"மிஸ், நாங்க டிக்ளேர் பண்ணப் போறோம்."

"என்னத்த?"

"டிரைவர் அங்கிள் டெய்லி சொன்னாரு, நாங்க கேட்டோம்னு. எல்லார் பேரும் போட்டு இன்ஸ்டால போஸ்ட் பண்றோம். ஸ்கூல் பேரு, கம்பெனி பேரு, எல்லாம். நீங்கதான மிஸ் சொல்லிக் குடுத்தீங்க?"

வகுப்பு முழுக்க ஒரே ஆரவாரம். எனக்குப் பெருமையாக இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் இன்னொன்றும் எனக்குத் தெரியும். அந்த நாட்டில் ஒரு கம்பெனியின் பெயரை இணையத்தில் போட்டுக் குற்றம் சொன்னால், வழக்கு பிள்ளை மேல் வராது. அப்பாவைக் கூப்பிடுவார்கள். காரிடாரில் பிரின்ஸிபால் வேறு நின்றுகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "க்ளாஸை எப்படியாவது அமைதிப்படுத்துங்க மேடம், ப்ளீஸ்" என்றார். அவர் மிரட்டவில்லை, கெஞ்சினார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

யோசிக்க நேரம் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"சரி. சபை கூடுது. விதி தெரியும்ல? என்ன போகும்னு சொல்லிட்டுக் கை தூக்கு. நிதின், நீ முதல்ல."

"எனக்கு ஒண்ணும் போகாது மிஸ்."

"உங்கப்பா விசா யார் கையில இருக்கு?"

அவன் போனைக் கீழே இறக்கினான். அடுத்த பெண் எழுந்தாள். அவள் அண்ணன் அந்த மாதம்தான் வேலையில் சேர்ந்திருக்கிறான். அடுத்தவன் அப்பா ஏற்கெனவே வேறு கம்பெனிக்கு மாற ரிலீஸ் கேட்டு அலைந்துகொண்டிருக்கிறார். அடுத்தவள் அம்மா தனியார் கிளினிக்கில் நர்ஸ். புகையிலைக் காலனியாகவும் கப்பல் காலனியாகவும் இருந்தபோது வரிந்துகட்டிக்கொண்டு பேசிய பிள்ளைகள், சொந்தக் கணக்கு என்று வந்ததும் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசவில்லை. கடைசியில் யாழினி எழுந்தாள். கெட்டிக்காரி, அதிகம் பேசமாட்டாள்.

"மிஸ், எங்க அப்பா அந்தக் கம்பெனியிலதான் கராஜ் சூப்பர்வைசர். டிரைவர் அங்கிள் டெய்லி போன் பண்ணது எங்க அப்பாவுக்குத்தான்."

அவள் கையைத் தூக்கினாள். அழுதுகொண்டேதான் தூக்கினாள்.

நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். போனை நிதினிடமிருந்து வாங்கி மேசையில் வைத்தேன். "பிரகடனத்துல கையெழுத்துப் போட்டவங்க தங்களோடதை வச்சுப் போட்டாங்க. நீங்க வைக்கப் போறது உங்க அப்பா அம்மாவோடது. அதை வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. அவங்ககிட்ட நான் கேக்கறேன்" என்றேன். பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை ஒன்றும் இல்லை. இன்று அதே நிலைமை வந்தாலும் அதையே செய்வேன். உங்களில் சிலருக்கு இது கோழைத்தனமாகப் படலாம். போய் அங்கே ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

வியாழன் மாலை ஏழாம் நம்பர் பஸ் பெற்றோர்களை என் ஃப்ளாட்டுக்குக் கூப்பிட்டேன். என் கணவர் டீ போட்டார். வீடு கொள்ளாத கூட்டம். எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். அநியாயம், அக்கிரமம், அந்த டிரைவர் தங்கமான மனுஷன், நம்ம பிள்ளைங்க எல்லாருக்கும் தெரியும், சும்மா விடக் கூடாது. ஞாயிறு காலை பள்ளி வாசலில் கூடி, எல்லோருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்வது என்று முடிவாயிற்று. கூட்டமாகப் போனால் தனியாக யாரையும் ஒன்றும் செய்ய முடியாது, அதுதான் பலம் என்று நானும் சொன்னேன்.

"அங்க போய் யாரு மொதல்ல பேசுறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"நீங்க நல்லா அரபி பேசுவீங்களே சார்." "அய்யோ, எனக்குக் கடை அரபிதாங்க." "லேடீஸ் யாராவது பேசினா கொஞ்சம் மரியாதையா கேப்பான்." "என் வீட்டுக்காரர் ஒத்துக்கமாட்டாருங்க." ஒருவர், மேனேஜ்மென்ட்டுக்கு முதலில் பணிவாக ஒரு விண்ணப்பம் கொடுத்துப் பார்க்கலாமே என்றார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பாடம் அப்படியே என் ஹாலில் சோஃபா போட்டு உட்கார்ந்திருந்தது.

யாழினியின் அப்பா ராஜமாணிக்கம் மூலையில் நின்றிருந்தார். இவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரூர்க்காரர். பேரன்ட்ஸ் மீட்டிங் என்றால் அவரைப் பார்த்து நான் ஸ்டாஃப் ரூமில் ஒளிந்துகொள்வேன். மகளின் பேப்பரை விரித்து, "இந்தப் பதிலுக்கு ஏனுங்க அரை மார்க் கொறைச்சிருக்கீங்க?" என்று உட்கார்ந்துவிடுவார். அரை மார்க்குக்காக அரை மணி நேரம். மனிதர் கஞ்சம், கறார், யாருக்கும் பிடிக்காது. அன்று மற்றவர்கள் அவரைச் சுற்றி ஓர் ஆள் இடைவெளி விட்டே நின்றார்கள். கம்பெனி ஆள் என்று.

எல்லோரும் கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"டீச்சர், யாழினி கிளாஸ்ல கையத் தூக்குனாளாமா?"

"தூக்கினா. நான்தான் இறக்கிவிட்டேன்."

"என்ன போகும்னு சொல்லிட்டுத்தான் தூக்குனாளா?"

"ஆமா."

தலையை ஆட்டிக்கொண்டே டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை நானும் என் கணவரும் பள்ளி வாசலில் நின்றோம். வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. ஒருவருக்கு ஜுரம். ஒருவருக்கு டூட்டி மாறிவிட்டது. ஒருவர் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, எல்லோரும் போங்கள், பின்னாலேயே வருகிறேன் என்றார். ராஜமாணிக்கம் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி தலை வாரியிருந்தார்.

"கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் சார், வந்துடுவாங்க" என்றேன்.

"வர்றவங்க வந்திருப்பாங்க டீச்சர். போலாம்."

நான் பஸ்ஸில் இருந்தவளும் இல்லை, கம்பெனி ஆளும் இல்லை. என் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. பக்கத்தில் உட்கார மட்டும் போனேன். விசாரணை அதிகாரி இளைஞர், மரியாதையாக நடந்துகொண்டார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். ராஜமாணிக்கம் தமக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். டிரைவர் தினமும் சொன்னான். என்னிடம்தான் சொன்னான். நான் மேனேஜரிடம் சொன்னேன். இந்த சீசனை இப்படியே ஓட்டிவிடலாம் என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். மொழிபெயர்ப்பாளர் நடுவில் நிறுத்தி, "பாய், இதைச் சொன்னால் உங்களுக்கும் கஷ்டம் வரும், யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். இவர், "யோசிச்சுட்டுத்தான் வந்தேன், எழுதுங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். அது மொழிபெயர்ப்பாளருக்கு எப்படியோ புரிந்தது.

ராஜமாணிக்கம் வெளியே வந்து காரில் உட்கார்ந்தார். சீட்பெல்ட்டைக் கொக்கியில் மாட்ட முடியவில்லை. என் கணவர்தான் மாட்டிவிட்டார்.

அந்த வாரமே ராஜமாணிக்கத்தின் விசா கேன்சல் ஆயிற்று. அவர் மேலும் கேஸ் வருமோ என்று கடைசி நாள் வரை பயந்துகொண்டிருந்தோம். வரவில்லை, ஊருக்கு அனுப்பியதோடு விட்டார்கள். யாழினி பொதுத்தேர்வு வருடம். நடுவில் பள்ளி மாற முடியாமல் அந்த வருடப் பரீட்சையை அவளால் எழுத முடியவில்லை. டிசி வாங்க அப்பாவும் மகளும் வந்தார்கள். நான் திருத்தி வைத்திருந்த அவளுடைய கடைசித் தேர்வுத்தாளைக் கொடுத்தேன். அவர் நின்ற இடத்திலேயே புரட்டிப் பார்த்து, "நாலாவது கேள்விக்கு இன்னும் அரை மார்க் போட்டிருக்கலாமுங்க" என்றார். நான் பேனாவை எடுத்துப் போட்டேன். அந்த மார்க் இனி எங்கேயும் சேராது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். யாழினி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முனியசாமியை விட்டுவிட்டார்கள். மேனேஜரை விசாரித்தார்கள், கம்பெனி எல்லாப் பஸ்ஸுக்கும் ஏசி மாற்றியது. இனி பயமில்லை என்று தெரிந்ததும் பெற்றோர்கள் எங்கிருந்துதான் கிளம்பினார்களோ. வாட்ஸ்அப் குழுவுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். நமது ஒற்றுமைக்குக் கிடைத்த வெற்றி என்று ஒருவர் எழுதினார். அன்று வண்டி ஸ்டார்ட் ஆகாதவர் அவர்தான். அப்பாசியாவில் ஒரு சின்ன ஹாலைப் பிடித்து முனியசாமிக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார்கள். பின்னால் பேனர், மேடையில் நாற்காலிகள், சால்வை, விழா முடிந்ததும் பிரியாணி. என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். காலனிகள் எப்படி ஒன்றுசேர்ந்து விடுதலையை அறிவித்தன என்பதை இந்த நிகழ்ச்சியோடு சேர்த்துப் பேசுங்கள் டீச்சர், பிள்ளைகளுக்குப் பயன்படும் என்றார்கள். பேசத்தான் போனேன். நாலு பேருக்கு உறைக்கிற மாதிரி பேச வேண்டும் என்று மனதுக்குள் கூர் தீட்டிக்கொண்டே போனேன்.

சால்வை போர்த்தினார்கள், கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். முனியசாமி இளைத்துப் போயிருந்தார். ரெண்டு வார்த்தை பேசுங்க என்று மைக்கைக் கொடுத்தார்கள். அவர் கூட்டத்தைத் தேடிப் பார்த்தார்.

"ராசமாணிக்கம் சார் வரலையாங்க?"

முனியசாமி போலீஸ் காவலில் இருந்ததால் நடந்தது அவருக்குத் தெரியாது. கம்பெனியிலும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான்தான் எழுந்து, "அவங்களை ஊருக்கு அனுப்பிட்டாங்க அண்ணே, குடும்பத்தோட" என்றேன்.

"ஏன்?"

"உங்களுக்காகச் சாட்சி சொன்னதுக்கு."

"கூட யாரு போனது?"

முன்வரிசையில் இருந்தவர்கள் செல்போனைப் பார்த்தார்கள். அவருக்குப் புரிந்துவிட்டது. எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் சால்வையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தார்.

"எனக்கெதுக்குங்க இது? அந்தப் பஸ்ஸ ஓட்டுனவன் நாந்தான. ஏசி இல்லேன்னு எனக்குத் தெரியும். தெனமும் போன் போட்டுச் சொன்னேன், சொல்லிட்டுத் தெனமும் சாவியப் போட்டேன். ஒரு நா, ஒரே ஒரு நா, இந்தப் பஸ்ஸ எடுக்கமாட்டேன்னு கீழ எறங்கி நின்னுருந்தா என் வேல ஒண்ணுதாங்க போயிருக்கும். அந்தப் பச்சப்புள்ளைக்குப் பேச்சு போயிருக்காது. சாரு குடும்பமும் போயிருக்காது. நான் நிக்கலங்க."

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். நிகழ்ச்சியில் அடுத்தது என் பேச்சு. பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நிதின் உட்பட. பதின்மூன்று காலனிகளும் உறுதிமொழியும் உப்பும் வரிசையாக மனதில் இருந்தன.

"சாப்பாடு ஆறிடும், எல்லாரும் எழுந்திருங்க" என்று மட்டும் சொன்னேன்.